சும்மா கிடந்த நாலு வயர்

என் மாமனார் சிவபாதசுந்தரத்துக்குச் சும்மா கிடக்கும் எதையும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. சும்மா கிடக்கும் கதிரையில் பழைய பேப்பரை அடுக்குவார். சும்மா கிடக்கும் ஐஸ்கிறீம் பெட்டியில் ஆணி போட்டு வைப்பார். சும்மா இருக்கும் மருமகளைக் கண்டால், "பிள்ளை, உந்த ஃபேனை ஒருக்கால் துடைச்சு விடுமன்" என்பார். அவரையும் குறை சொல்ல முடியாது. வாலிப வயதிலிருந்து பென்ஷன் எடுக்கும் வரைக்கும் டெலிபோன் திணைக்களத்தில் கேபிள் பொருத்திய மனுசன். நிலத்துக்கடியில் போகும் தடித்த கேபிள் ஒவ்வொன்றுக்குள்ளும் நூற்றுக்கணக்கான சோடி வயர்கள் இருக்குமாம். வீட்டுக்கு ஒரு சோடி. ஒரு டெலிபோன் எடுப்பதற்கு ஆட்கள் வருசக்கணக்காகக் காத்துக் கிடந்த காலம் அது.

"ஒரு சோடி சும்மா கிடக்குதெண்டால் எங்கேயோ ஒரு குடும்பம் கதைக்காமல் இருக்குதெண்டு அர்த்தம், பிள்ளை" என்று நான் கலியாணம் கட்டி வந்த முதல் கிழமையே சொல்லித் தந்தார். நானும் பெரிய தத்துவம் என்று தலையாட்டி வைத்தேன். அது தத்துவமில்லை, எச்சரிக்கை என்று பிறகுதான் விளங்கியது.

நாங்கள் இருப்பது கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், ஒரு பழைய தொடர்மாடியின் மூன்றாம் மாடியில். நான், என் கணவர் தயாபரன், மாமா. மாமி நான் வருவதற்கு முதலே காலமாகிவிட்டார். ஆகவே சமையல், சலவை, வயர் மூன்றும் மாமாவின் ஆட்சியில் இருந்தன. முதல் இரண்டையும் மிகுந்த பெருந்தன்மையோடு எனக்கு விட்டுத்தந்தார். வயரை மட்டும் விடவில்லை.

நான் வீட்டிலிருந்தே கலியாண வீடியோ வெட்டி ஒட்டுகிறவள். கனடாவிலும் லண்டனிலும் நடக்கும் எங்கள் ஆட்களின் கலியாணங்களை அங்கே எடுத்து, இன்டர்நெட்டில் எனக்கு அனுப்புவார்கள். அங்கே கலியாணம் என்றால் சும்மா இல்லை. பொம்பிளை பல்லக்கில் வருவாள், மாப்பிள்ளை புகைக்குள்ளிருந்து வருவார், தாலி கட்டும்போது தாய்க்காரி அழுவதை நாலு கமரா நாலு பக்கமிருந்து எடுத்திருக்கும். இவ்வளவும் என் அறைக்கு இறங்கி, நான் அளவாக அழவிட்டு, திரும்ப ஏற்றி அனுப்ப வேண்டும்.

இந்தக் கட்டடத்தின் சுவர்கள் கோட்டைச் சுவர் மாதிரி. கூடத்தில் இருக்கும் ரவுட்டரின் வை-ஃபை என் அறைக்கு வருவதற்குள் களைத்துப் போய்விடும். "வயர் இழுத்துத் தாறன்" என்று மாமா முன்வந்தார். "வை-ஃபையை நம்பாதேயும். கண்ணுக்குத் தெரியாததை நம்பிறது கோயிலோட நிக்கட்டும்." சுவருக்குள் இருந்த பழைய டெலிபோன் குழாய் வழியாக, சோப்பு நீர் பூசி, மூச்சைப் பிடித்து, ஒரு கேபிளைத் தள்ளிச் சேர்த்தார். "இனி இதுக்குள்ள ஒரு நூல்கூடப் போகாது" என்று வியர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னார். அது என் கலியாணப் பரிசு. அதனால் அதைப் பற்றி ஒரு வார்த்தை குறையாகச் சொல்ல வழியில்லாமல் போய்விட்டது.

குறை சொல்ல வேண்டிய நாள் வந்தது. வேலை கூடியதும் இன்டர்நெட் கொம்பனிக்குச் சொல்லி முந்நூறு வேகத்துக்கு மாறினோம். கூடத்தில் லப்டொப்பை ரவுட்டரோடு நேரே கொழுவிப் பார்த்தால் முந்நூறு வருகிறது. என் அறையில் கொழுவினால் தொண்ணூற்றுச் சொச்சம். எத்தனை தரம் பார்த்தாலும் நூற்றைத் தாண்டுவதில்லை. போதாக்குறைக்கு, காலையில் கனடாக்காரரோடு வீடியோவில் கதைக்கும்போது ஒரு கட்டத்தில் படம் அப்படியே உறைந்துவிடும். அது பெரும்பாலும் மாமா கூடத்தில் சுவாமி கும்பிடும் நேரமாக இருக்கும். "மாமா கும்பிடத் தொடங்கினால் கனடா நிண்டிடும்" என்று கணவரிடம் பகிடிக்குச் சொல்வேன்.

மாமா கும்பிடுவதே எங்களுக்கு ஒரு புதினம்தான். மாமி இருந்த காலத்தில் அவர் சுவாமித் தட்டுப் பக்கமே போகாதவராம். இப்போது விடிந்ததும் முகம் கழுவி, திருநீறு பூசி, தட்டின் முன்னால் நின்றுவிடுவார். முருகன் படத்தின் காலடியில், பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் கழற்றிய சின்னச் சிவப்பு பல்பு ஒன்றை அவரே பூட்டி வைத்திருந்தார். அது ஒருதரம் மினுங்கும். மாமா தட்டின் அடியில் கையை வைத்து எடுத்து, "சரி" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணிக்கு வந்துவிடுவார். இவ்வளவு சுருக்கமான கும்பிடை நான் வேறெங்கும் கண்டதில்லை. "அம்மா போனபிறகு அப்பா மாறிட்டார்" என்று தயாபரன் கண் கலங்கச் சொல்வார்.

சரி, வேகத்துக்கு வருவோம். நான் செய்யாத வைத்தியமில்லை. ரவுட்டரை நிறுத்திப் போட்டேன். மேசையிலிருந்து சுவர்ப் பெட்டிக்குப் போகும் சின்னக் கேபிளை மாற்றினேன். புறக்கோட்டைக்குப் போய் வேறொன்று வாங்கி அதையும் மாற்றினேன். தொண்ணூற்றுச் சொச்சம் அசையவில்லை. ஒவ்வொரு தோல்விக்கும் மாமாவிடம் ஒரு காரணம் ஆயத்தமாக இருந்தது. முதலில் உப்புக் காற்று. வெள்ளவத்தையில் யன்னல் கம்பி, சைக்கிள், மாமாவின் முழங்கால் எல்லாம் பழுதாவது உப்புக் காற்றால்தான். அடுத்தது, கடலோரம் ஓடும் கோச்சி, அதாவது ரயில். "கோச்சி போகேக்க கட்டடம் அதிருது, பிள்ளை. வயருக்குள்ள போறது சிந்தாதே?" கடைசியாக, கிரிக்கெட்: மாட்ச் நாளில் ஊர் முழுக்க இன்டர்நெட்டில் பார்க்குதாம்.

"மாமா, சுவர்ப் பெட்டியைக் கழட்டி ஒருக்கால் பார்ப்பமே?" என்று நான் கேட்ட அன்று அவர் முகம் கறுத்தது.

"நான் போட்ட ஜொயின்ட்டை ஆரும் கழட்டிப் பார்க்கிறேல்ல" என்றார். மறுநாள் பார்த்தால், என் அறையின் சுவர்ப் பெட்டிக்கு மேல் ஒரு கலண்டர் தொங்கியது. அதற்கு முதல் வந்த கொம்பனி ஆளையும் மாமா உள்ளே விடவில்லை. வாசலில் வைத்தே, "தம்பி, நீங்கள் எந்த எக்ஸ்சேஞ்சில வேலை பழகினது?" என்று சிங்களத்தில் தொடங்கினார். பாவம், அந்தப் பிள்ளை பிறக்கும்போதே எக்ஸ்சேஞ்ச் எல்லாம் பூட்டியாயிற்று. தேத்தண்ணியும் குடிக்காமல் ஓடிவிட்டான்.

பிறகு ஒரு நாள், டொரோன்டோவில் ஒரு கலியாண வரவேற்பு தொடங்கி, சனம் சாப்பிட்டுக் கைகழுவி முடியும் வரைக்கும் என் வீடியோ போய்ச் சேரவில்லை. மண்டபத்தில் பெரிய திரை வெறுந்திரையாக நின்றதாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றே தெஹிவளையில் ஒரு புதுக் கட்டடத்தில் வீடு பார்த்துவிட்டேன். மாத முடிவுக்குள் இங்கே வேகம் சரிவர வேண்டும், இல்லாவிட்டால் மாறுவோம் என்று கணவரிடம் தெளிவாகச் சொன்னேன். அவர் அப்பாவிடம் சொன்னார்.

"நீங்கள் போங்கோ. நான் வரேல்ல" என்றார் மாமா.

"தனிய இருந்து என்ன செய்வியள், அப்பா?"

"எனக்கு உப்புக் காத்து பழகிப் போச்சு."

தெஹிவளையிலும் கடல் இருக்கிறது, அங்கும் அதே உப்புதான் என்று நான் சொன்னதை அவர் காதில் போடவில்லை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. மாமி இல்லாத வீட்டில் இந்த மனுசனைத் தனியே விட்டுவிட்டுப் போக எனக்கு மட்டும் மனம் வருமா? ஒரு பெட்டியைத் திறக்க விட்டால் எல்லாம் முடிந்துவிடும். கௌரவம் விடவில்லை என்றுதான் நினைத்தேன்.

ஆகவே நான் களவு செய்யத் தீர்மானித்தேன். களனியில் பழைய சகா ஒருவரின் வீட்டில் பிக்குமாருக்குச் சாப்பாடு கொடுக்கும் தானத்துக்கு மாமா வெள்ளை உடுப்போடு புறப்பட்டுப் போனதும், கொட்டாஞ்சேனையிலிருந்து மெல்ரோய் என்ற பொடியனை வரவழைத்தேன். தனியாக இந்த வேலை செய்கிறவன், கெட்டிக்காரன் என்று சிநேகிதி ஒருத்தி சொல்லியிருந்தாள். வந்தவன் கலண்டரைக் கழற்றினான், பெட்டியைத் திறந்தான், வயர்களை விரலால் விலக்கி எண்ணினான்.

"மிஸ், இந்தக் கேபிளுக்குள்ள எட்டு வயர் இருக்கு. இன்டர்நெட்டுக்கு நாலுதான் போட்டிருக்கு."

"மற்ற நாலும்?"

"அது வெளிய போகுது."

உண்மைதான். மற்ற நான்கு வயர்களும் ஒரு மெல்லிய டெலிபோன் கம்பியோடு சேர்ந்து, யன்னல் விளிம்பால் வெளியே இறங்கிப் போயின. என்ன அழகான பொருத்து! நூலால் வரிசையாக முடிச்சுப் போட்டு, தலை வாரிப் பின்னிய மாதிரி இருந்தது. மெல்ரோய்க்கே அதை வெட்ட மனம் வரவில்லை.

"நாலு வயர் எண்டா நூறுக்கு மேல ஏறாது, மிஸ். எட்டும் வேணும். முந்தி நாலு போதும், அதால மிச்சத்த யாரோ வேற எதுக்கோ எடுத்திருக்காங்க."

யாரோ! யார் என்று எனக்குத் தெரியாதா? சும்மா கிடந்த நாலு வயரைக் கண்டு கை துடித்திருக்கும். கூடத்துப் பக்கம் போய்ப் பார்த்தோம். அங்கேயும் அந்த நான்கு வயர்களும் பிரிந்து, சுவாமித் தட்டுக்குப் பின்னால் மறைந்தன. சிவப்பு பல்புக்குக் கரண்ட் போகிற வழி இதுதான் போலும் என்று நினைத்தேன். யன்னலால் இறங்கிய கம்பி, எப்போதோ செத்துப்போன டெலிபோன் லைனாக இருக்கும். "வெட்டுங்கோ, மெல்ரோய்" என்றேன்.

வெட்டினான். எட்டையும் இரண்டு பக்கமும் பொருத்தினான். என் அறையில் முந்நூறு வந்தது. சந்தோசத்தில் அவனுக்கு இரண்டு மீன் பணிஸ் கூடக் கொடுத்து அனுப்பினேன். பின்னேரம் மாமா வந்தபோது கலண்டர் பழைய இடத்தில் தொங்கியது. "கொம்பனிக்காரர் வெளியில ஏதோ திருத்தினவையாம் மாமா, இப்ப முந்நூறு வருது" என்றேன். கண் இமைக்காமல் பொய் சொன்னேன்.

"நான் அப்பவே சொன்னனான்தானே, பிழை வெளியிலதான் எண்டு" என்றார் மாமா. "அப்ப தெஹிவளை?"

"தேவையில்லை மாமா."

அவர் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்து, என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் காலை கனடா அன்ரி ஒருவரோடு வீடியோவில் இருந்தேன். மகளின் கலியாணத்தில் தன் சம்பந்தியை எந்தெந்த இடத்தில் வெட்ட வேண்டும் என்று விபரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். படம் ஒரு தரமும் உறையவில்லை. பேச்சு நடுவில் கூடத்தை எட்டிப் பார்த்தேன். மாமா சுவாமித் தட்டின் முன்னால் நின்றார். தேத்தண்ணி ஆறி ஆடை படிந்துவிட்டது, அவர் இன்னும் நின்றார். பல்பை விரலால் தட்டினார். தட்டின் அடியில் கையை வைத்து அழுத்தினார், திரும்பவும் அழுத்தினார். பிறகு என் பக்கம் திரும்பினார். அந்த முகத்தில் இரத்தம் இல்லை.

"பிள்ளை... ஸாலிஹ்" என்றார். அவ்வளவுதான். இடுப்பில் சாரம், தோளில் துவாய், காலில் செருப்பில்லை. கதவைத் திறந்தபடி விட்டுவிட்டுப் படியில் இறங்கி ஓடினார்.

ஸாலிஹ் நானா எங்களுக்கு நேர் கீழே, இரண்டாம் மாடியில் தனியாக இருப்பவர்; நானா என்றால் அவர்கள் பேச்சில் அண்ணன். புறக்கோட்டையில் துணிக்கடை வைத்திருந்து, மனைவி மௌத்தாகி, அதாவது இறந்துபோன பிறகு, கடையைத் தங்கை மகனிடம் கொடுத்தவர். மகள் அம்னா மெல்பேர்னிலிருந்து வா வா என்று கூப்பிட்டுக்கொண்டேயிருப்பாள். பின்னேரங்களில் மாமாவும் அவரும் கீழே மர வாங்கில் உட்கார்ந்து கிரிக்கெட்டுக்காகச் சண்டை பிடிப்பதைத்தான் நான் கண்டிருக்கிறேன். இவருக்காக மாமா ஏன் ஓடுகிறார் என்று விளங்காமல் நானும் பின்னால் ஓடினேன்.

பாதிப் படியில் மாமா நின்றுவிட்டார். கீழேயிருந்து ஸாலிஹ் நானா ஏறி வந்துகொண்டிருந்தார். தலையில் தொப்பி, ஒரு கையால் சாரத்தைத் தூக்கிப் பிடித்து, மறு கையால் கம்பியைப் பிடித்து, மூச்சு வாங்க வாங்க. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பேயைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

"ஏன் காணும் அழுத்தேல்ல?" என்று கத்தினார் மாமா.

"நான் அழுத்தல்லயா? சுபஹ் தொழுதிட்டு வந்து அழுத்திக்கிட்டே ஈக்கிறேன்! வெரல் நோவுது! நீங்கதான் பதில் தரல்ல!"

"நானும் அழுத்தினனான்!"

"மௌத்தாகிட்டீங்கண்டு நெனச்சேன், சிவம்!"

"நான் உம்மை நினைச்சன்!"

உயிரோடு இருப்பதற்காக ஒருவரையொருவர் அவ்வளவு கேவலமாகத் திட்டியதை நான் முதல் தரம் பார்த்தேன். திட்டி முடிந்ததும் இருவரும் அதே படியில் உட்கார்ந்துவிட்டார்கள். ஸாலிஹ் நானா மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அப்போதுதான் எல்லாம் வெளித்தது. ஒரு சோடி வயர் கீழேயிருந்து மேலே வர, ஒரு சோடி மேலேயிருந்து கீழே போக. தினமும் விடிந்ததும் அவர் அழுத்த இங்கே முருகன் காலடியில் பல்பு எரியும். இவர் தட்டின் அடியில் இருக்கும் பொத்தானை அழுத்த அங்கே எரியும். நான் பக்தி என்று நினைத்தது அதைத்தான்; கனடா உறைந்து நின்றதும் ஒரே கேபிளுக்குள் இந்த அழுத்தல் குறுக்கிட்டதால்தான்.

"மாமா, நான்தான் வெட்டினது" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இருவரையும் மேலே கூட்டி வந்தேன். லப்டொப்பிலிருந்து கனடா அன்ரியின் குரல், ஒரு சொல் தவறாமல், வலு தெளிவாகக் கேட்டது.

"என்ன பிள்ளை சத்தம்? ஆரும் செத்தவையோ?"

"இல்லை அன்ரி. ரெண்டு பேரும் உயிரோடதான் இருக்கினம்" என்று சொல்லிவிட்டு மூடினேன்.

மாமா என்னை ஏசவில்லை. வெட்டிய நுனிகளைக் கையில் எடுத்துப் பார்த்தார். "ஸாலிஹ் குளியலறையில விழுந்து, ஒரு பகல் முழுக்க எழும்ப ஏலாமல் கிடந்தவர், பிள்ளை. அம்னாவுக்குத் தெரிஞ்சால் அடுத்த பிளேனில கொண்டு போயிடுவா. ஒருத்தருக்கும் சொல்லிறேல்லயெண்டு சத்தியம் வாங்கினவர். முதல் அந்தக் குழாயில கிடந்த பழைய டெலிபோன் வயரிலதான் போட்டனான்; உம்மட கேபிளுக்காக அதை இழுத்தெடுத்தாப் பிறகு குழாய்க்குள்ள வேற வயர் போகாது. உம்மட கேபிளில நாலு சும்மா கிடந்தது." நுனிகளைக் கீழே வைத்தார். "உமக்கு எட்டும் வேணுமெண்டு எனக்குத் தெரியாது. நீர் தெஹிவளைக்குப் போம். கோபமில்லை, மெய்யாத்தான் சொல்லிறன். எனக்கு இந்த நாலும் வேணும்."

சொல்லிவிட்டு, தன் வயர்த் துண்டுகள் கிடக்கும் பிஸ்கட் தகரத்தை எடுக்க உள்ளே போனார். நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றேன். ஸாலிஹ் நானா என்னைக் கிட்டக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"மவள், அழாதீங்க. ஒரு விசயம் சொல்றேன், மாமாட்ட சொல்லிடாதீங்க. ஒங்கட மாமி மௌத்தான பொறகு இந்த மனிசன் காலைல கட்டில விட்டு எழும்பல்ல. சாப்பிடல்ல. கதவத் தட்டினா தொறக்கல்ல. எனக்குப் பயமா ஈந்திச்சி."

"நீங்கள் விழுந்தது?"

"விழுந்தது மெய்தான். அந்த நிமிசமே எழும்பிட்டேன். பகல் பூரா கெடந்தேண்டு சொன்னது நான் போட்ட கதை." சிரித்தார், ஆனால் கண் நிறைந்திருந்தது. "ஒரு வேல குடுத்தா எழும்புவார்ண்டு தெரியும். அடுத்த நாளே வயரோட வந்திட்டார். அதுக்குப் பொறகு ஒரு காலையும் தவறல்ல. இண்டைக்கி லைட் வரல்லண்டதும் எனக்கு உசிரே போய்ட்டுது, மவள்."

தகரத்தோடு மாமா திரும்பி வந்தார். ஸாலிஹ் நானா உடனே முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "படி ஏறினதுல காலெல்லாம் விண்ணு விண்ணு எண்டுது, சிவம்" என்று முனகத் தொடங்கினார். "உமக்கு ஆர் படி ஏறச் சொன்னது? வயசுபோன மனுசன்!" என்று மாமா அதட்டிக்கொண்டு சித்தாலேபக் களிம்பைத் தேடினார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை, இரண்டையும் செய்தேன்.

அன்றே மெல்ரோயைத் திரும்பக் கூப்பிட்டேன். கூடத்து யன்னலிலிருந்து, மாமாவின் வயசுக்கு எட்டாத சுவரின் வெளிப்பக்கமாக, என் அறை யன்னலைக் கடந்து, ஸாலிஹ் நானாவின் அறைக்கு இறங்கும்படி புதிதாக ஒரு கேபிள் இழுத்தான். மாமா பக்கத்தில் நின்று அவன் உயிரை எடுத்தார். பொருத்துக்களை மட்டும் அவரே போட்டார். மாலைக்குள் முருகன் காலடியில் பல்பு எரிந்தது. என் அறையில் முந்நூறும் நின்றது.

ஒரு கிழமை போயிருக்கும். காலையில் வேலைக்கு உட்கார்ந்தால், என் மேசையில், திரைக்குப் பக்கத்தில், முந்தி இல்லாத ஒரு சின்னப் பச்சை பல்பும் ஒரு பொத்தானும் இருந்தன. கம்பி யன்னலால் வெளியே போயிற்று. பழைய ஆத்திரம் தலைக்கேற, "மாமா! இது என்ன திரும்பவும்?" என்று கூடத்துக்குக் கேட்கக் கத்தினேன்.

"உம்மட கேபிளில எடுக்கேல்ல, பிள்ளை. வெளியில போற கேபிளில" என்று பதில் வந்தது. "அதுக்குள்ளயும் எட்டு வயர். நாங்கள் ரெண்டு பேரும் நாலுதான் பாவிக்கிறம். மிச்சம் நாலு சும்மா கிடந்தது."

நான் வாய் திறப்பதற்குள் பச்சை பல்பு எரிந்தது. கூடத்தில் மாமா, தட்டின் அடியில் கையை வைத்தபடி, காத்துக்கொண்டிருந்தார். நான் பொத்தானை அழுத்தினேன்.

"சரி" என்றார் மாமா.